தடைக்காலத்தில் வஞ்சிரம் கிலோ 1,200: ஆனாலும் கூட்டம் குறையவில்லையே, ஏன்?

ராயபுரம்வாசி (ஞாயிறு, மதியம் 2:40)

அனைவருக்கும் வணக்கம். பொருளாதாரம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். நுகர்வோர் நடத்தை பற்றி வகுப்பில் பேச வேண்டும், உதாரணம் நம் பகுதியிலிருந்தே இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

பாடத்தில் உள்ளது இதுதான்: கையில் இருக்கும் பணத்தைப் பல பொருள்களுக்குப் பிரிக்கும்போது, கடைசி ரூபாயை அரிசியில் போட்டாலும் மீனில் போட்டாலும் ஒரே அளவு பயன்பாடு, அதாவது மனநிறைவு, கிடைக்கும் நிலை வரும்வரை நுகர்வோர் மாற்றிக்கொண்டே போவார். சம இறுதிநிலைப் பயன்பாட்டு விதி. ஒன்றின் விலை ஏறினால் அதைக் குறைத்துக்கொண்டு வேறொன்றுக்குத் தாவுவார்.

இன்று காலை அம்மாவுடன் காசிமேடு போனேன். வஞ்சிரம் கிலோ 1,200 என்றார்கள். போன மாதம் 800க்கு வாங்கியது. கூட்டம் கொஞ்சமும் குறையவில்லை. அம்மா மட்டும் முகத்தைச் சுளித்துக்கொண்டு சங்கரா வாங்கினார். அப்போது விதி எங்கள் அம்மாவுக்கு மட்டும்தானா?

காசிமேடு கரை (ஞாயிறு, மாலை 4:05)

தம்பி, கூட்டத்தை எண்ணாதே, தராசைப் பார். ஒரு கிலோ கேட்ட ஆள் இப்போது அரை கிலோ கேட்கிறார். அரை கிலோ வாங்கிய அம்மா "நாலு துண்டு போதும்ப்பா, பிள்ளைகளுக்கு மட்டும்" என்கிறார். வால் பக்கத்துத் துண்டைப் போன மாதம் கேட்க ஆளில்லை, இப்போது "அதைக் கொஞ்சம் குறைச்சுப் போடு" என்று பேரம் நடக்கிறது. ஆள் அதே ஆள்தான், எடைதான் இறங்கிவிட்டது.

இன்னொரு விஷயம். நம் கரையில் மீன்பிடித் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். 2017க்கு முன்பு 45 நாளாக இருந்தது. விசைப்படகு எல்லாம் கட்டிக் கிடக்கும். பைபர் படகும் கட்டுமரமும் போகலாம், ஆனால் அது கரையோர மீன்தான். பெரிய மீன் இப்போது மேற்குக் கரையிலிருந்து ஐஸ் பெட்டியில் வருகிறது. அங்கே ஜூன் 1 அன்று தடை தொடங்கிவிடும். அப்புறம் ஜூன் 14 வரை இரண்டு பக்கமும் பெரும்பாலும் விசைப்படகு கிடையாது. விலை பற்றிப் பேச வேண்டுமென்றால் அந்த இரண்டு வாரத்தில் வந்து பார்.

வாங்குகிறவர்களிலும் ஓட்டல்காரர் வேறு, வீட்டுக்கு வாங்குபவர் வேறு. ஓட்டல்காரர் விலையை மெனு கார்டில் ஏற்றிவிடுவார். மறுவீட்டு விருந்துக்கு வாங்குபவர் விலையே கேட்பதில்லை, "நடுத் துண்டா போடு" என்று மட்டும் சொல்வார்.

மிண்ட் ரோடு (ஞாயிறு, மாலை 5:30)

விலை ஏற ஏற விருந்துக்கு வாங்குகிறார்கள் என்றால் அதுதானே கிஃபன் பொருள்? விதியையே உடைத்துவிட்டது வஞ்சிரம். தம்பி, இதையே பேசு, கைதட்டல் வாங்கலாம்.

பழைய வாத்தியார் (ஞாயிறு, இரவு 8:15)

கைதட்டல் கிடைக்கும், மதிப்பெண் கிடைக்காது.

கிஃபன் பொருள் என்பது ஏழை வீட்டின் அடிப்படை உணவு. வருமானத்தில் பெரும்பகுதியை அதுவே தின்றுவிடும். வருமானம் கூடினால் மக்கள் அதைக் குறைத்துக்கொள்வார்கள். அப்படிப்பட்ட பொருளின் விலை ஏறினால் வீடே இன்னும் ஏழையாகிவிடுகிறது. கறியையும் மீனையும் விட்டுவிட்டு வயிற்றை நிரப்ப அதையே இன்னும் அதிகமாக வாங்க வேண்டிய நிலை வரும். பொருளாதார அறிஞர் மார்ஷல் 1895இல் இந்தக் கருத்தைத் தன் நூலில் கிஃபன் என்பவர் பெயரோடு சேர்த்தார். நூறு ஆண்டுக்கு மேல் இதற்கு நல்ல சான்று கிடைக்கவில்லை. ராபர்ட் ஜென்சன், நோலன் மில்லர் இருவரும் சீனாவின் ஹூனான் மாகாணத்தில் ஏழைக் குடும்பங்களுக்கு அரிசி விலையில் மானியம் கொடுத்துப் பார்த்தார்கள். அரிசி மலிவானதும் அந்த வீடுகள் அரிசியைக் குறைத்து மற்ற உணவைக் கூட்டின. 2008இல் வெளிவந்த ஆய்வு அது.

வஞ்சிரம் இதற்கு நேர் எதிர். காசு வந்தால்தான் வாங்குவது. விருந்துக்காரர் விலையைப் பார்க்காமல் வாங்குவதற்குக் காரணம், அன்றைக்குச் சங்கரா அதற்கு மாற்று ஆகாது என்பதுதான். மாப்பிள்ளை இலையில் எதை வைத்தோம் என்று இரண்டு வீட்டிலும் பத்து வருடம் பேசுவார்கள். அவருடைய தேவையில் நெகிழ்ச்சி குறைவு, அதாவது விலை மாறினாலும் வாங்கும் அளவு அதிகம் மாறாது, அவ்வளவே.

ராயபுரம் தம்பிக்கு: உன் அம்மாவை வைத்தே வருமான விளைவையும் பதிலீட்டு விளைவையும் பிரித்துக் காட்டலாம். மீனுக்கு 800 ரூபாய் ஒதுக்கியிருந்தார் என்று வை. பழைய விலைக்கு ஒரு கிலோ வஞ்சிரம் வரும். இப்போது விலை 1,200. கூடவே 400 ரூபாய் கையில் கொடு. பழைய ஒரு கிலோவை அவர் தாராளமாக வாங்கலாம், ஏழையாகவில்லை. ஆனாலும் "1,200 கொடுத்து வஞ்சிரமா? சங்கராவும் ஒரு கோழியும் வாங்கிவிடலாமே" என்பார் இல்லையா? அதுதான் பதிலீட்டு விளைவு. இப்போது அந்த 400ஐத் திரும்ப வாங்கிக்கொள். இன்னும் எதைக் குறைக்கிறாரோ அது வருமான விளைவு. ஸ்லட்ஸ்கி என்ற பொருளாதார அறிஞர் 1915இல் செய்ததும் இந்தக் கணக்குத்தான். அவர் கட்டுரை இத்தாலியப் பத்திரிகை ஒன்றில் வந்து யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. ஹிக்ஸும் ஆலனும் 1934இல் தனியாக அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

ராயபுரம்வாசி (ஞாயிறு, இரவு 8:50)

சார், 400 கொடுத்தால் அம்மா அதை எடுத்து அரிசி டப்பாவில் போட்டுவிடுவார். மீனே வாங்க மாட்டார்.

பழைய வாத்தியார் (ஞாயிறு, இரவு 8:58)

அதுவும் பதிலீடுதான். வரைபடத்தில் மற்ற எல்லாப் பொருளும் சேர்த்து ஒரு அச்சு என்று போட்டுக்கொள். டப்பாவும் அதில் அடக்கம்.

சுறாப்புட்டு ரசிகை (ஞாயிறு, இரவு 9:20)

தடைக்காலத்தில் நெத்திலிக் கருவாடு போதும், மாங்காய் போட்டு. இழைக்குத் தொடர்பில்லை, மன்னிக்கவும்.

மிண்ட் ரோடு (ஞாயிறு, இரவு 10:10)

வாத்தியார் சொன்னால் சரி. ஆனால் எனக்கு அடிப்படையிலேயே ஒரு சந்தேகம். பயன்பாட்டை எந்தத் தராசில் நிறுப்பது? இட்லியில் இத்தனை, சினிமாவில் இத்தனை என்று யார் தலைக்குள் கணக்கு ஓடுகிறது? பசித்தவன் வளைகோடு வரைந்துவிட்டா கடைக்குப் போகிறான்? எங்கள் தெருவில் சம்பளம் வந்த அன்று ஒருவர் குடும்பத்தோடு பிரியாணி சாப்பிடுவார், 25ஆம் தேதி கைமாத்து கேட்பார். இதில் என்ன சமநிலை?

திருவொற்றியூர் தென்றல் (திங்கள், காலை 7:10)

நான் பொருளாதாரம் படித்தவள் இல்லை, பாரிமுனைப் பக்கம் ஒரு மொத்த விலைக் கடையில் கணக்கு எழுதுகிறேன். மெட்ரோவில் உட்கார்ந்துதான் இதைத் தட்டச்சு செய்கிறேன்.

2021 பிப்ரவரியில் மெட்ரோ எங்கள் பக்கம் விம்கோ நகர் வரை வந்தது. அதே வருடம் மே மாதம் சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு இலவசம் ஆனது. எங்கள் வீட்டில் அண்ணன் கேட்பார்: "பஸ் சும்மா போகுது, நீ காசு கொடுத்து ரயிலில் போறியே, உனக்கு என்ன கொழுப்பா?"

காலையில் பத்து நிமிடம் தாமதமானால் கடையில் அரை நாள் சம்பளம் வெட்டுவார்கள். இலவசப் பேருந்து எப்போது வரும், வந்தாலும் ஏற இடம் இருக்குமா, வழியில் கண்டெய்னர் லாரி வரிசை எவ்வளவு நீளம், எதுவும் நம் கையில் இல்லை. அதனால் காலையில் மெட்ரோ. மாலையில் அவசரம் இல்லை, இரண்டு பேருந்தை விட்டு மூன்றாவதில் ஏறினாலும் கேட்க ஆள் கிடையாது. அப்போது இலவசப் பேருந்து. மாலையில் விருந்தாளி வருகிறார்கள் என்றால் ஷேர் ஆட்டோ.

ஒரே ஆள், ஒரே சாலை, ஒரே நாள். மிண்ட் ரோடு அண்ணா, எனக்குத் தலைக்குள் கணக்கு ஓடுகிறது. எழுதி வைப்பதில்லை, அவ்வளவுதான்.

பழைய வாத்தியார் (திங்கள், காலை 9:30)

தென்றல் எழுதியதைத்தான் பொருளாதார அறிஞர் கேரி பெக்கர் 1965இல் நேரத்தை எப்படிப் பங்கிடுகிறோம் என்ற கட்டுரையில் சொன்னார். ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு விலை: ரூபாயில் ஒன்று, நேரத்தில் ஒன்று. காலையில் அவருடைய பத்து நிமிடத்தின் விலை அரை நாள் சம்பளம். மாலையில் அதே பத்து நிமிடம் கிட்டத்தட்ட சும்மா. விருப்பம் மாறவில்லை, விலை மாறியது. மாணவர்கள் தேர்வில் தடுக்கி விழும் இடமும் இதுதான்: ஒருவர் நடத்தை மாறினால் உடனே "ருசி மாறிவிட்டது" என்று எழுதிவிடுவார்கள்.

மிண்ட் ரோடு கேட்ட தராசு விஷயம் நியாயமான கேள்வி. பொருளாதாரத்திலும் இது பெரிய சண்டையாகத்தான் இருந்தது. எண்ணால் அளப்பதைக் கைவிட்டு, "இதைவிட அது மேல்" என்ற வரிசை மட்டும் போதும் என்று பரேட்டோ காலத்திலேயே நகர்ந்துவிட்டார்கள். 1938இல் சாமுவேல்சன் இன்னும் ஒரு படி போனார்: தலைக்குள் பார்க்கவே வேண்டாம், கடையில் எதை எடுத்தார், அதே காசுக்கு எதை எடுத்திருக்கலாம், அது போதும் என்றார்.

இறுதிநிலை, அதாவது கடைசியாகச் சேரும் ஒரு அலகு, என்பதை மட்டும் விட்டுவிடாதே தம்பி. 2019 கோடையை நினைத்துப்பார். புழல், சோழவரம் எல்லாம் காய்ந்து கிடந்தபோது லாரித் தண்ணீருக்குக் குடம் வரிசை. முதல் குடம் குடிக்க, அடுத்தது சமைக்க, கடைசிக் குடத்தில்தான் வாசல் கழுவுவது. வாசல் கழுவுவதை எல்லாரும் நிறுத்தினார்கள், குடிப்பதை யாரும் நிறுத்தவில்லை. உயிருக்கே ஆதாரமான தண்ணீர் மலிவு, ஒன்றுக்கும் உதவாத வைரம் விலை அதிகம், இது ஏன் என்று 1776இல் ஆடம் ஸ்மித் எழுப்பிய புதிருக்கு, 1871இல் ஜெவோன்ஸும் மெங்கரும் தந்த பதிலை அந்தக் குட வரிசையிலேயே பார்க்கலாம். விலையை முடிவு செய்வது கடைசிக் குடம்.

கொருக்குப்பேட்டை மளிகை (திங்கள், மாலை 3:45)

மதியம் கடையில் ஆள் இல்லை, அதனால் நீளமாக எழுதுகிறேன். மிண்ட் ரோடு அண்ணன் சொன்ன 25ஆம் தேதி ஆளை எனக்கு நன்றாகத் தெரியும், அவர் நோட்டு என்னிடம்தான் இருக்கிறது.

படித்தவர்கள் கடைக்கு வந்தால் ஒரு அறிவுரை சொல்வார்கள்: "ஏன் இந்த மக்கள் பத்து ரூபாய்க்கு எண்ணெய், அஞ்சு ரூபாய்க்கு டீத்தூள் என்று வாங்குகிறார்கள்? ஒரு லிட்டராக வாங்கினால் மிச்சம்தானே?" மிச்சம்தான், எண்ணெயிலும் டீத்தூளிலும். ஷாம்பூவில் பல பிராண்டுகளுக்குச் சின்னப் பாக்கெட்டுதான் மில்லிக்கு மலிவு, பாட்டில் வாங்குபவர்தான் அதிகம் கொடுக்கிறார். அதை யாரும் கவனிப்பதில்லை.

எண்ணெய்க்கு வருவோம். பெயிண்ட் வேலைக்குப் போகிறவர் கையில் மாலை ஆறு மணிக்கு 700 ரூபாய் வருகிறது. தண்டல்காரர் ஏழு மணிக்கு வருவார். தண்டல் தெரியாதவர்களுக்கு: 10,000 ரூபாய்க் கடன் என்று பேர், கையில் 8,500 கொடுப்பார்கள், தினம் 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். அந்த 100 போக 600. வாடகைக்கு ஒரு 150 எடுத்து வைத்தால் 450. இதுதான் அவருடைய பட்ஜெட், அதுவும் நாளைக்குக் காலை வரைக்கும்தான். இதில் ஒரு லிட்டர் எண்ணெய் வாங்கினால் அரிசி, காய், பிள்ளையின் நோட்டுப் புத்தகம் மூன்றில் ஒன்று போகும். லிட்டருக்கு இருபது ரூபாய் மிச்சப்படுத்த இன்னொரு தண்டல் வாங்க முடியுமா?

அப்புறம் வீட்டுக்காரம்மா சொல்லும் காரணம் ஒன்று உண்டு, அதைப் புத்தகத்தில் போட்டார்களா தெரியாது. "பாட்டில் வீட்டில் இருந்தால் பிள்ளைங்க ஊத்தி ஊத்திக் காலி பண்ணிடும் அண்ணே, பாக்கெட்டுன்னா அளவா இருக்கும்." பாக்கெட்டுக்கு அதிக விலை கொடுத்து அவர் வாங்குவது எண்ணெயோடு ஒரு பூட்டும் சேர்த்து.

ரேஷன் அரிசி பற்றியும் பேச்சு வரும். 2011 ஜூனில் இருந்து இலவசம், எங்கள் வீட்டு அட்டைக்கு மாதம் 20 கிலோ. "சும்மா அரிசி கிடைக்கிறது, அப்புறம் ஏன் கடையில் பொன்னி வாங்குகிறார்கள், வசதி வந்துவிட்டது" என்பார்கள். ரேஷன் புழுங்கல் எங்கள் பக்கம் பெரும்பாலும் இட்லி மாவுக்குப் போகிறது, சோற்றுக்குப் பொன்னி. அரிசிக்குச் செலவாகாத காசில் பொன்னியை ஒரு படி மேல் ரகமாக எடுப்பார்கள், இல்லையென்றால் மாசக் கடைசியில் பருப்பு கூடும். என் கடையில் துவரம் பருப்பு அரை கிலோ கேட்பவர் ரேஷனில் 30 ரூபாய்ப் பருப்பு வந்த வாரம் பருப்பு கேட்க மாட்டார், முட்டை கேட்பார். எந்த நாள் ரேஷனில் பருப்பு இறங்கியது என்று நான் வரிசையைப் பார்க்காமலே சொல்வேன், முட்டை தட்டு எவ்வளவு காலியானது என்று பார்த்தால் போதும்.

பழைய வாத்தியார் (திங்கள், மாலை 6:20)

மளிகைக்காரர் எழுதியதை நான் வகுப்பில் சொல்லியிருக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். இலவச அரிசிக்கு பட்ஜெட் கோடு (கையிருப்பில் எதை எவ்வளவு வாங்க முடியும் என்று காட்டும் கோடு; படுக்கை அச்சில் அரிசி, நிற்கும் அச்சில் மற்றவை) வரைந்தால் அது சாதாரணச் சாய்கோடாக இருக்காது. முதல் 20 கிலோ வரை தட்டையாகப் போய், அதற்குப் பிறகுதான் இறங்கும். அரிசியை விற்றுப் பணமாக்குவது குற்றம் என்பதால் அந்தத் தட்டைப் பகுதிக்கு மேல் போக வழியில்லை. எப்படியும் 20 கிலோவுக்கு மேல் அதே அரிசியைச் சாப்பிடும் வீட்டுக்கு இலவச அரிசியும் அதன் விலைக்கான பணமும் ஒன்றே. குறைவாகச் சாப்பிடும் வீட்டுக்குப் பணம் கிடைத்தால் இன்னும் வசதி. பாடப்புத்தகம் இதோடு நின்றுவிடும். "ஆகவே அரிசியை நிறுத்திவிட்டுப் பணம் கொடு" என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பணம் யார் கைக்குப் போகும், அரிசி விலை ஏறினால் அந்தப் பணமும் ஏறுமா என்பது கோட்டில் தெரியாது. அரிசி நேராக அடுப்புக்குப் போகும்.

வியாசை நண்பன் (திங்கள், இரவு 9:05)

கோடு உடைகிறது என்றதும் கரண்ட் பில் நினைவுக்கு வந்தது. எங்கள் மாடியில் வீட்டு ஓனர், கீழே நான். இருவரிடமும் ஏ.சி. இருக்கிறது. அவர் மீட்டர் கணக்கெடுக்கும் தேதி நெருங்கினால் ஏ.சி.யை அணைத்துவிட்டு மொட்டை மாடியில் பாய் போட்டுவிடுவார். நான் அணைப்பதில்லை. அவரைக் கஞ்சன் என்றும் என்னை ஊதாரி என்றும் என் மனைவி சொல்கிறாள். எது சரி?

பழைய வாத்தியார் (திங்கள், இரவு 9:40)

உங்களுக்கு சப் மீட்டரா? யூனிட்டுக்கு எவ்வளவு?

வியாசை நண்பன் (திங்கள், இரவு 9:44)

ஆமாம், முதல் யூனிட்டில் இருந்தே 8 ரூபாய்.

பழைய வாத்தியார் (திங்கள், இரவு 10:25)

அப்படியானால் நீங்கள் இருவரும் ஒரே குணம் உள்ளவர்களாகவே இருக்கலாம்.

2022 செப்டம்பர் விகிதத்தை எடுத்துக்கொள்கிறேன், அதன் பிறகு கொஞ்சம் ஏறியிருக்கிறது, ஆனால் அமைப்பு அதுதான். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டுக்குள் இருந்தால்: முதல் 100 இலவசம், அடுத்த 100க்கு 2.25 வீதம் 225, அடுத்த 200க்கு 4.50 வீதம் 900, கடைசி 100க்கு 6 வீதம் 600. மொத்தம் 1,725 ரூபாய். 500ஐத் தாண்டி ஒரு யூனிட் போனால் வேறு அட்டவணை. 2.25 என்ற சலுகைப் படியே காணாமல் போய்விடும்: 100 இலவசம், அடுத்த 300க்கு 4.50 வீதம் 1,350, அடுத்த 100க்கு 600, மேலே உள்ள ஒன்றுக்கு 8. மொத்தம் 1,958. அந்த ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்!

ஓனர் பாய் போடுவது அந்த 501ஆவது யூனிட்டுக்குப் பயந்து. தாண்டிவிட்டார் என்று தெரிந்தால் அதே மனிதர் "போனது போச்சு" என்று இரவு முழுக்க ஓடவிடுவார், ஏனென்றால் 502ஆவது வெறும் 8 ரூபாய். உங்களுக்கு முதல் யூனிட்டும் 8, ஐந்நூற்று ஒன்றாவதும் 8. நீங்கள் பயப்பட அங்கே பள்ளமே இல்லை. வேண்டுமானால் இலவச 100 யூனிட் யாருக்குப் போகிறது என்று ஓனரைக் கேளுங்கள். அது வேறு இழை.

வியாசை நண்பன் (திங்கள், இரவு 10:31)

மனைவியிடம் காட்டிவிட்டேன். "கணக்கு சரி, ஏ.சி.யை அணை" என்கிறாள்.

மிண்ட் ரோடு (செவ்வாய், காலை 8:20)

சரி, பாதி ஒப்புக்கொள்கிறேன். நான் முட்டாள்தனம் என்று நினைத்த பலதும் அவரவர் இருக்கும் இடத்தில் நியாயம்தான். ஆனால் எல்லாவற்றையும் இப்படி நியாயப்படுத்திவிட முடியுமா? துணிக்கடை நிறைந்த எம்.சி. ரோட்டில் தீபாவளிக்கு மூன்று வாரம் முன்பு போய்ப் பாருங்கள். வட்டிக்கு வாங்கிய காசில் பிள்ளைக்கு இரண்டு செட் துணி. அதற்கும் ஒரு கோடு வரைவீர்களா?

கொருக்குப்பேட்டை மளிகை (செவ்வாய், மதியம் 1:50)

அண்ணே, இரண்டாவது செட்டுக்கு நானும் கோடு வரைய மாட்டேன், அது பக்கத்து வீட்டைப் பார்த்து வாங்கியது. முதல் செட்டை விட்டுவிடுங்கள். அன்றைக்குத் தெருவில் பழைய சட்டையோடு நிற்கிற பிள்ளையைப் பார்த்த அம்மாவிடம் போய் வட்டிக் கணக்கு சொல்லிப் பாருங்கள்.

ஆனால் வட்டிக்கு வாங்குகிறவர்கள் மட்டும்தான் உங்கள் கண்ணில் படுகிறார்கள். ஜனவரியில் இருந்து தீபாவளிச் சீட்டு கட்டுகிறவர்கள் அதே தெருவில் இருக்கிறார்கள். அந்தப் பணத்தை ஆஸ்பத்திரிச் செலவுக்குக்கூடச் சிலர் தொட மாட்டார்கள், அதற்குப் பதில் தண்டல் வாங்குவார்கள். இதைத்தான் என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை.

பழைய வாத்தியார் (செவ்வாய், மாலை 5:15)

ரிச்சர்ட் தேலர் இதை மனக்கணக்குப் பிரிப்பு என்பார், 2017இல் நோபல் வாங்கியவர். பாடத்தில் ஒரு ரூபாய் எங்கே இருந்தாலும் ஒரு ரூபாய். வீட்டில் சீட்டுப் பணம் வேறு, சம்பளம் வேறு, அரிசி டப்பாப் பணம் வேறு. வட்டி கொடுத்து இன்னொரு கடன் வாங்குவது கணக்குப்படி நஷ்டம், அதில் மிண்ட் ரோடு பக்கம்தான் நான். ஒருமுறை தொட்டால் அப்புறம் சீட்டே நிற்காது என்ற பயத்துக்கு அந்த வட்டியைக் கூலியாகக் கொடுக்கிறார்களோ என்றும் தோன்றுகிறது. இதை நான் அடித்துச் சொல்ல மாட்டேன்.

ராயபுரம்வாசி (செவ்வாய், இரவு 7:40)

எல்லோருக்கும் நன்றி. வஞ்சிரத்தில் தொடங்கி கரண்ட் பில்லில் முடிக்கலாம் என்று நினைக்கிறேன். பத்து வீட்டிலாவது கேட்டுவிட்டுப் பேசினால் நன்றாக இருக்கும். "உங்களுக்கு எது அதிகம் பிடிக்கும், ஏன்" என்று கேள்வித்தாள் தயார் செய்திருக்கிறேன். சரியா சார்?

பழைய வாத்தியார் (செவ்வாய், இரவு 8:05)

கிழித்துப் போடு. எது பிடிக்கும் என்று கேட்டால் எல்லாரும் பழம், பால், கீரை என்பார்கள். போன வாரம் என்ன வாங்கினீர்கள், என்ன விலை, அன்றைக்குக் கையில் எவ்வளவு இருந்தது, வாங்க நினைத்து விட்டது என்ன? இந்த நாலு கேள்வி போதும். தினக்கூலியா மாதச் சம்பளமா என்பதைத் தனியாகக் குறித்துக்கொள்.

கொருக்குப்பேட்டை மளிகை (செவ்வாய், இரவு 8:30)

என் கடைக்கு வா தம்பி, நோட்டில் பேரை மறைத்துவிட்டுக் காட்டுகிறேன். ஆனால் 5ஆம் தேதிக்கு மேல் வா. அதற்கு முன்னால் வந்து காசு, கணக்கு என்று கேட்டால் உன்னை வசூலுக்கு வந்த ஆள் என்று நினைத்துக் கதவைச் சாத்திவிடுவார்கள்.